74 நாள்ல காலியான ஒரு சகாப்தம்

ஜப்பான்ல ராஜா மாறினாதான் சகாப்தம் (வருஷங்கள எண்ணறதுக்கு வைக்கிற பேரு) மாறும்னு நெனச்சுட்டு இருந்தேன், அது மெய்ஜி சக்கரவர்த்தி காலத்துல, 1868ல வந்த ரூலாம். அதுக்கு முன்னாடி பூகம்பம், வால்நட்சத்திரம், பஞ்சம்னு எது வந்தாலும் சகாப்தத்தோட பேர மாத்திடுவாங்க. இதுல செம காமெடி 'ரியாகுநின்'. 1238 கடைசில ஷிஜோ சக்கரவர்த்தி காலத்துல வச்ச பேரு, அவருக்கே அப்ப ஏழெட்டு வயசுதான். எழுத்துப்படி பாத்தா காலண்டர், கருணைனு நல்ல அர்த்தம். ஆனா வாயால சொன்னா 'மனுஷங்க காணாம போறது'ன்னும் கேக்குமாம், ஜனங்க பயந்துபோய் பேச ஆரம்பிக்க, 1239 மார்ச்லயே தூக்கிட்டு 'எனோ'ன்னு மாத்திட்டாங்க. மொத்தமே 74 நாள், ஜப்பான் வரலாற்றுலயே இதான் குட்டி சகாப்தம். பேர் வைக்கிறதுக்குன்னே அரண்மனைல பண்டிதர்கள் இருந்தாங்க, ஒருத்தர்கூடவா சத்தமா சொல்லிப் பாக்கல?