அறுபத்தாறில் ஒரு சுற்று

செப்டம்பர் 6
மான் வேட்டைக்கென்று அரை அங்குல ஈய உருண்டை சுடும் துப்பாக்கி ஒன்றைச் செய்யக் கொடுக்கிறான் தம்பி. பென்சில்வேனியாவிலிருந்து மறுபடியும் கேட்டுவிட்டான்: 48ஆ, 66ஆ? குண்டைச் சுழற்றக் குழலுக்குள் திருகலாக வெட்டும் காடிதான் புரி; அது எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று சொன்னால்தான் குழல் வேலையைத் தொடங்குவார்களாம். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் லேத்தில் மரை வெட்டியவனுக்கு இது தெரியாதா என்று நினைக்கிறான். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், அவன் கேட்டிருக்கும் 42 அங்குலக் குழலைக் குண்டு கடக்கையில் முக்கால் சுற்றுகூட நிறைவதில்லை. இப்படி ஒரு மரையை நான் வெட்டியதே இல்லை.

செப்டம்பர் 7
முழங்கால் வீக்கம் குறையவில்லை. உறக்கமும் இல்லை.

செப்டம்பர் 9
நீண்ட குண்டு பறக்கும்போது கவிழப் பார்க்கும். ஆகையால்தான் அதற்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் நெருக்கமான புரி போடுகிறார்கள். உருண்டைக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. வார்க்கும்போது ஈயத்துக்குள் சிக்கிய காற்றுக் குமிழியால் எடை ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்கும்; அந்தச் சாய்வு குண்டை ஒரே திசையில் இழுத்துச் செல்லாதிருக்க மெல்லிய சுழற்சியே போதும். இங்கிலாந்தில் உல்விச் ராணுவக் கல்லூரியில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் புரியின் அளவைக் கணிக்க 1879இல் தந்த வாய்பாட்டில் நீளம், விட்டம் இரண்டையும் அரை அங்குலமாக வைத்தால் 75 வருகிறது. அது நீள் குண்டுக்கான வாய்பாடு என்பதால் சான்றாகக் கொள்ளவில்லை. ஆனாலும் விடை 66இன் பக்கம் நிற்பது மனத்துக்கு இதமாக இருக்கிறது.

செப்டம்பர் 10
அழைப்பு வரவில்லை.

செப்டம்பர் 12
அவனுடைய பழைய துப்பாக்கியை அளக்கச் சொன்னேன். பிடிக்குள் தானே சுழலும் கம்பியின் நுனியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் செலுத்தி, குழல் வாயருகே கம்பியின்மேல் சுண்ணக்கட்டியால் கோடிட்டு மெல்ல இழுத்தான். 24 அங்குலம் வெளிவந்தபோது மேலே இருந்த கோடு அடியில் போய் நின்றது. அரைச் சுற்று, ஆக, 48. வெடிமருந்தைக் கூட்டினால் குண்டு கண்ட இடத்தில் படுகிறது என்கிறான். உருண்டையைச் சுற்றி வைத்துச் சுடும் துணிகளைச் சுட்டபின் பொறுக்கி விரித்துக் காட்டினான். வட்டமாகக் கருகி, ஓரங்களில் கீறியிருந்தன. குண்டைப் பிடித்துக் காடியோடு திருப்ப வேண்டியது அந்தத் துணிதான். புரி நெருக்கமாகி மருந்தும் மிகுந்தால் அது பிடி விட்டுவிடும். ஆனால் காடிகளுக்கு இடையிலுள்ள மேட்டின் விளிம்பு கூராக இருந்தாலும் துணி கிழியும். எல்லாப் பழியையும் புரியின்மீதே போடுவது தகாது.

செப்டம்பர் 13
முழங்காலைப் பற்றிக் கேட்டால் புரியைப் பற்றிச் சொல்கிறேனாம். மனைவி பேசவில்லை.

செப்டம்பர் 15
பிரிட்டிஷ் படையின் பேக்கர் ரைஃபிளில் 30 அங்குலக் குழலுக்குக் கால் சுற்றுதான். மத்திய இந்தியக் காடுகளில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஃபோர்சித்தும் 1860களில் பெரிய உருண்டை, மிகுந்த மருந்து, தளர்ந்த புரி என்றே வாதாடினார். ஆயினும் அவ்வளவு தளர்த்தினால் மருந்தை அள்ளிக் கொட்ட வேண்டும். ஐம்பது கஜத்தில் மானுக்குக் காத்திருப்பவனுக்கு அது வேண்டாம். 66 என்றும், காடி ஆழமாக இருக்கட்டும் என்றும் எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 18
அரை அங்குல உருண்டை வேண்டாமாம். 0.54 அங்குலம் போடலாமா என்கிறான். அப்படியானால் புரி 66 அல்ல, 70.