எங்கள் வண்டியே இல்லாத போட்டோவுக்கு ஆயிரம் ரூபாய்

அப்பாவின் போனுக்கு வந்த போக்குவரத்து அபராதக் குறுஞ்செய்தியை முதலில் மோசடி என்றே நினைத்தோம். அபராதம் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பிப் பணத்தை உருவும் கும்பல் ஒன்று இருக்கிறது. அப்படி வந்தால் தொடவே தொடாதீர்கள். மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பார்த்தோம், நிஜமான சலான்தான், அதாவது அபராதச் சீட்டு. ராமநாதபுரத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் 1000 ரூபாய். அந்த நேரத்தில் எங்கள் டிவிஎஸ் எக்செல் மொபெட் மண்டபத்தில் வீட்டு வாசலில் நின்றது. அப்பா கடலில் இருந்தார்.

2022 அக்டோபருக்கு முன்பு தமிழ்நாட்டில் இதற்கு 100 ரூபாய்தான். நூறாகவே இருந்திருந்தாலும் கட்டியிருக்க மாட்டேன்.

சலானோடு இருந்த போட்டோவைப் பெரிதாக்கினேன். அதில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். எங்கள் எண்ணில் 8 வரும் இடத்தில் அதில் 3. கண் இருக்கிற யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரியும். ஆனால் சலான் போட்ட இடத்தில் யாரும் அந்தப் போட்டோவைப் பார்க்கவே தயாராக இல்லை. "ஆயிரம் ரூபாய்க்கு எதுக்குப்பா அலையுற, கட்டிட்டுப் போ" என்றார் ஒருவர். மனுவை வாங்கிக்கொண்டார்கள், ரசீது கேட்டதற்கு முகம் சுளித்தார்கள். ரசீது இல்லாமல் எங்கும் மனு கொடுக்காதீர்கள்.

பரிவாகனிலேயே புகார் பதியவும் வழி இருக்கிறது. பதிந்தேன், பதில் வரவில்லை. அதற்குள் சலான் ஆன்லைனில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அங்கே அபராதத்தைக் கட்டலாம், அல்லது வழக்கை எதிர்க்கலாம். எதிர்ப்பதாகக் கொடுத்தேன். வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறியது.

முதல் வாய்தாவுக்கு எல்லாக் காகிதத்தோடும் நான் மட்டும் போனேன். "ஆர்சி யார் பேர்ல இருக்கு? அவரைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருவதற்கு முன் போன் செய்து கேட்டபோது இதை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாய்தாவோ கடலுக்குப் போகிற நாளாகப் பார்த்து விழுந்தது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். அதில் ஒரு நாள் பங்கை விட்டுவிட்டு அப்பா வந்து கோர்ட் வராந்தாவில் நின்றார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அன்று வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் நின்றவரும் அப்பாவிடம் "ஒத்துக்கிட்டா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்ணே" என்றார். பேர் கூப்பிட்டதும் அப்பா, "அது என் வண்டியே இல்லைங்கய்யா" என்றார். அவ்வளவுதான் பேசினார், அதுவே போதுமாக இருந்தது. வக்கீல் வைக்கவில்லை.

போட்டோவைப் பெரிய தாளில் கலரில் பிரிண்ட் போட்டு, எங்கள் வண்டியின் படத்தையும் ஆர்சியையும் சேர்த்துக் கொடுத்திருந்தோம். சலானில் இருந்த தேதியில் படகு போனதற்கான மீன்வளத்துறை டோக்கன் நகலும் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் சரிதான், அப்பா கடலில் இருந்தாலும் வண்டியை வேறு யாராவது ஓட்டியிருக்கலாமே. வழக்கை ஜெயித்துக் கொடுத்தது போட்டோதான். அதனால் சலான் வந்த அன்றே அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போலீஸ் தரப்பிடம் விளக்கம் கேட்டார். அதற்கும் ஒரு வாய்தா. எண் தவறாகப் பதிவானதை அவர்கள் ஒப்புக்கொண்டதும் அப்பாவை விடுவித்தார்கள்.

அப்புறமும் பரிவாகனில் சலான் நிலுவை என்றே காட்டியது! அப்படியே விட்டால் நாளைக்குப் பெயர் மாற்றம் மாதிரி ஆர்டிஓ வேலைகள் நின்றுபோகும். உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அந்த நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, முன்பு முகம் சுளித்தவரே முழுதாகப் படித்தார். சில நாளில் நிலுவை நீங்கியது. ஆர்சியோடு அதன் ஜெராக்ஸ் ஒன்றை வைத்திருக்கிறோம். அந்த ஸ்கூட்டர் இன்னும் ராமநாதபுரத்தில்தானே ஓடுகிறது.