மோர்ஜிம் கரையில் கைட் கற்பிக்கப் பழகியது

மும்பையைச் சுற்றிக் கடல்தான். ஆனாலும் கைட்போர்டிங், அதாவது கைட் எனும் பெரிய பட்டம் காற்றில் இழுக்க, பலகையில் நின்று தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டு, பழக இங்கே இடம் கிடைப்பது கஷ்டம். இலங்கையின் மன்னாரில் பிறந்து, அங்கேயே கற்பிட்டியில் ஒரு கைட் பள்ளியின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தபடியே அந்தக் களப்பில் கைட் பழகியவள் நான். அங்கே மே மாதம் தொடங்கும் தென்மேற்குக் காற்று ஒக்டோபர் வரை ஓயாது. கல்யாணமாகி செம்பூருக்கு வந்ததும் முதல் வேலையாக ஜுஹு கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். காற்று இருந்தது, ஆனால் கால் வைக்க இடமில்லாத அளவுக்குச் சனம். கைட்டின் நூல் இருபது மீட்டருக்கு மேல் நீளம். இழுத்துக்கட்டிய நூல் கத்தி மாதிரி வெட்டும். குழந்தைகள் ஓடி விளையாடும் கரையில் அதை விரிப்பதை நினைத்தும் பார்க்கக்கூடாது. மழைக்காலத்தில் கரை காலியாகும், காற்றும் பலமாக வீசும், ஆனால் அப்போதைய அலையிலும் திடீர்ச் சூறையிலும் யாரும் இறங்கக்கூடாது.

புது நாட்டில் குடியேறும் வேலைகள் ஒரு பக்கம் நடந்தன. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், ஆவணங்கள் சரியாக இருந்தால் போதும். என் கணவரின் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர். அதனால் வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், படியிறங்கினால் இந்தியும் மராத்தியும். மாட்டுங்கா சந்தையில் சின்ன வெங்காயமும் வாழை இலையும் கிடைத்துவிடும், சாப்பாட்டுக்கு ஏக்கம் வரவில்லை. காற்றுக்குத்தான் ஏங்கினேன்.

கைட்டுக்காகவே கோவா பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. கொங்கண் கன்யா ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் கோவாவின் திவிம் நிலையம். அங்கிருந்து மோர்ஜிம் கடற்கரை பக்கம்தான். குளிர்காலம் முடியும் நாட்களிலிருந்து மழைக்கு முன்பு வரை அங்கே பிற்பகலில் வடமேற்குக் காற்று எழும். வெயிலில் நிலம் சூடாகி மேலெழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். காலையில் கடல் கண்ணாடி போல் கிடக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து கரைக்கு வந்தால் பனையோலை சலசலக்கத் தொடங்கியிருக்கும்.

பயிற்றுநர் சான்றிதழ் எடுக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் உறுதியானது. உலகம் முழுவதும் பெரும்பாலான பள்ளிகள் ஏற்பது 2001இல் தொடங்கிய சர்வதேச கைட்போர்டிங் அமைப்பின் சான்றிதழ். நேரடியாகப் பயிற்றுநர் ஆக முடியாது. முதலில் உதவிப் பயிற்றுநர் பயிற்சி. அப்புறம் சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் சொல்லிக்கொடுத்துப் பழக வேண்டும். அதற்குப் பிறகே முழுப் பயிற்றுநருக்கான வகுப்பு, அதற்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். முதலுதவிச் சான்றிதழும் கேட்பார்கள். வீட்டில் சொன்னபோது அத்தை, "ஏட்டி, காத்தடிக்கும்போது தண்ணிக்குள்ள எறங்குறதுக்கும் ஒரு படிப்பா?" என்று கேட்டார்கள். பயம் கலந்த அக்கறை அது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் பந்தயம் மார்சேய் கடலில் நடந்தபோது அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து மொபைலில் காட்டினேன். பார்த்து முடித்ததும் முதலுதவி வகுப்புக்கு எப்போது போகிறாய் என்று அவரே கேட்டார்.

பயிற்சிக்குப் போகும் முன், நன்றாக ஓட்டத் தெரிந்தால் நன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் பொதுவாக எல்லோரும் நினைப்பார்கள். அங்கே யாரும் நான் எவ்வளவு உயரம் தாவுவேன் என்று கேட்கவில்லை. காலையில் கரையில் நின்று காற்று எந்தத் திசை, கரையை நோக்கியா, கடலை நோக்கியா, சாய்வாகவா என்று சொல்லச் சொன்னார்கள். கடலை நோக்கி வீசினால் பாடம் கிடையாது. விழுந்தவரைக் காற்றே வெளியே கொண்டுபோய்விடும். சாப்போரா ஆறு கலக்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் வற்றும் நேரத்து நீரோட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆமைகள் முட்டையிடும் கரை அது, வேலியிட்ட பகுதிக்குப் பக்கத்தில் கைட் விரிக்கக்கூடாது. இவ்வளவும் தண்ணீரில் கால் படுவதற்கு முன்பு.

பிறகு எங்களில் ஒருவர் மாணவராக நடிப்பார், மற்றவர் பாடம் நடத்த வேண்டும். நடிப்பவர் வேண்டுமென்றே ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்வார். ஒருமுறை என் 'மாணவர்' கைட்டை இடுப்போடு இணைக்கும் பாதுகாப்புக் கயிற்றை மாட்டாமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கைட்டை மேலே விடலாம் என்பதற்கான சைகை அது. நான் கைட்டைப் பார்க்காமல் அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பிடித்துவிட்டேன். பயிற்றுநரின் கண் முதலில் ஆளிடம்தான் இருக்க வேண்டும். நான் கற்றதில் மிகப் பெரியது இதுதான் என்று நம்புகிறேன்.

உதவிப் பயிற்றுநராக நின்ற நாட்களில் அந்தேரியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தேன். இடுப்பளவுத் தண்ணீர், தலைக்கு நேர் மேலே கைட், அவருடைய ஹார்னஸை, அதாவது கைட்டை மாட்டும் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்தபடி நான். ஒரு வீச்சுக் காற்று வந்தது. பயந்தால் எவரும் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பார்கள், அவரும் கைட்டை இயக்கும் கைப்பிடியான பாரைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்தால் கைட்டுக்கு விசை கூடும், விட்டால் குறையும். உடம்பு சொல்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். சத்தம் போட்டால் இன்னும் இறுக்குவார். காதருகே மெல்ல, "பார் சோடோ, தீதி" (பாரை விடுங்க, அக்கா) என்று இந்தியில் சொன்னேன். விட்டார். கைட் தானாக அமைதியானது. அதற்குப் பிறகு, ஆபத்தில் கைட்டின் இழுவையை உடனே விடுவிக்கும் பூட்டைத் தள்ளும் பயிற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கை தானே தேடிப் போகும்வரை செய்யவைத்தேன். கைட் தண்ணீரில் விழுமே என்று தயங்கினார். முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் இருப்பதால் மூழ்காது, அங்கிருந்தே மறுபடி எழுப்பலாம் என்று சொன்னேன். பிரான்சின் பிரித்தானி கரையைச் சேர்ந்த லெகேன்யூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த யோசனையால்தான் இன்று ஒரு புதியவரை நம்பிக் கடலில் இறக்க முடிகிறது.

என் இந்தி முழுக்க அந்தத் தண்ணீரில் வந்ததுதான். சின்னச் சின்னக் கட்டளைகள், ஆறுதல், பாராட்டு. செம்பூர் திரும்பியபோது பக்கத்து வீட்டு அக்காவிடம் தயங்காமல் பேச்சுக் கொடுத்தேன்.

என் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, அதனால் இப்போதைக்குப் பயிற்சி மட்டும்தான். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு ஆனால் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது வந்த பிறகுதான் பள்ளிகளிடம் வேலை கேட்க வேண்டும். அதற்குள் முழுப் பயிற்றுநர் வகுப்பை முடித்துவிட நினைக்கிறேன். தாராவியில் என் கணவரின் சித்தி மகள், பதினாறு வயது, தன்னையும் கூட்டிப்போகச் சொல்கிறாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. கைட்டைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லி, செம்பூர் நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டிருக்கிறேன்.