ஆறு மாதம் தரையைப் பார்த்தபடி

பறவைகளைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அந்த ஆறு மாதமும் அதிகம் பார்த்தது தரையைத்தான்.

போன இடம் குரே. ஹவாய்த் தீவு வரிசையின் வடமேற்குக் கோடியில், ஹொனலூலுவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. உலகில் இதற்கு வடக்கே வேறு பவளத் தீவு வட்டம் கிடையாது. அதைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கடற்பகுதியின் பெயர் பப்பாஹானாவ்மோகுவாக்கேயா. திக்காமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கொண்டுபோகும் துணி, பை, காலணி எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். அவற்றையும் 48 மணி நேரம் உறைய வைத்துத்தான் கப்பலில் ஏற்றுவார்கள். ஒரு விதையோ எறும்போ ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. விறைத்துப்போன காலுறையைக் கையில் பிடித்தபோது சிரிப்பாக இருந்தது. தீவில் இறங்கி வெர்பெசினாவைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

சூரியகாந்தியின் தங்கை போல அழகான மஞ்சள் பூச்செடி அது. வெளியிலிருந்து வந்தது. விட்டால் ஆள் உயரத்துக்குப் புதராக மண்டிவிடும். ஆல்பட்ராஸ் தரையில் கூடு கட்டும் பெரிய கடற்பறவை. இறங்கவும் ஓடி மேலெழும்பவும் அதற்குத் திறந்த வெளி வேண்டும். புதருக்குள் அதற்கு இடமே இல்லை. எலிகளை 1990களிலேயே ஒழித்துவிட்டார்கள், ஆனால் இந்தச் செடி இன்னும் ஒழிந்தபாடில்லை. மண்ணுக்குள் விதை வருடக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும் என்பதால், பூ விதையாகும் முன் ஒவ்வொரு பகுதிக்கும் திரும்பத் திரும்பப் போயாக வேண்டும். வரிசையாக நின்று, குனிந்து, அடி அடியாக நடப்போம். நாள் முழுக்க அதுதான் வேலை. 'பறவைப் பாதுகாப்பு' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். களையெடுப்பு என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அந்த நடையும் சும்மா இல்லை. போனின் பெட்ரல், ஷியர்வாட்டர் போன்ற கடற்பறவைகள் மணலுக்குள் வளை தோண்டி வாழ்கின்றன. மூன்றாவது நாள் முழங்கால் வரை பொத்தென்று உள்ளே போனேன். "அசையாதே" என்றாள் முன்னால் சென்றவள். காலை மெதுவாக எடுத்து, குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு மணலை அள்ளினேன். விரலில் சூடாக ஏதோ பட்டது. அடுத்த நொடி கடித்தது. அந்தக் கடியில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது! குஞ்சு உயிரோடு இருந்தது. வளையின் வாயைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தோம். அதற்கப்புறம் பாதத்தை எங்கே வைக்கிறேன் என்று பார்க்காமல் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை.

இரவில் ஷியர்வாட்டர்கள் பச்சைக்குழந்தை போல அழும். முதல் வாரம் தூக்கம் போனது, பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

ஆல்பட்ராஸ் குஞ்சுகள் பறக்கக் கிளம்பும் முன், செரிக்காததை எல்லாம் ஓர் உருண்டையாகக் கக்கும். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கணவாய் மீன்களின் அலகுகள் கருப்பாக, நகம் போல. அவற்றுக்கிடையே பாட்டில் மூடிகள், பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு சிகரெட் லைட்டர். பெற்றோர் நடுக்கடலிலிருந்து கொண்டுவந்து ஊட்டியவை. அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

ஜூலையில், பாதித் தூவல் உதிர்ந்து தலையில் மட்டும் சிலும்பிக்கொண்டிருந்த குஞ்சு ஒன்று, நாங்கள் சுத்தம் செய்த வெளியில் எதிர்க்காற்றைப் பார்த்து ஓடியது. தடுக்கி விழுந்தது. மறுபடி ஓடியது. நான் நிமிர்ந்து பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. மறுநாள் அந்த இடம் காலி.

இலையுதிர் காலத்தில் குளிர்காலக் குழுவை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொள்ளக் கப்பல் வந்தது. புதிதாக வந்தவர் ஒருவர் கண் மின்ன, "பறவைகள் எப்படி?" என்று கேட்டார். நான் அவரை மேற்குப் பக்கம் கூட்டிப்போய், நேற்று முளைத்திருந்த இரண்டு இலைச் செடியைக் காட்டினேன்.