பித்தப்பை ஆபரேஷனும் ஒரு மாத்திரை நோட்டும்

பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பியில் பையையே எடுத்துவிட்டார்கள். வயிற்றில் நாலு சின்னத் துளைதான் என்று சொன்னதால் வலியும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மறுநாள் வீட்டுக்கு வந்தபோது, அங்கே போட்ட ஊசியின் தயவில் நன்றாகவே இருந்தேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாராசிட்டமால் 650 மில்லிகிராம் என்று சீட்டில் எழுதியிருந்தது. வலிக்கவே இல்லையே, எதற்கு விழுங்க வேண்டும் என்று இரண்டு வேளையை விட்டுவிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் வந்தது, இரும முடியவில்லை. மூச்சை இழுத்தால் பிடிக்கிறது, புரண்டு படுத்தால் சுருக்கென்கிறது. அப்போது போட்ட மாத்திரை உடனே கேட்குமா? முக்கால் மணி நேரம் கட்டில் ஓரத்தில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். காலையில் டாக்டரிடம் போனில் சொன்னபோது அவர் திட்டவில்லை. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையலாம், நீங்கள் இருமவும் நடக்கவும் முடிகிற அளவுக்கு வலி அடங்கினால் போதும், அதற்காகத்தான் முதல் சில நாள் நேரம் தவறாமல் போடச் சொன்னேன் என்றார். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சின்ன விஷயம், ஆனால் பாதி வலி அதிலேயே குறைந்தது. எழும்போதும் நேராக நிமிராமல், பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

அன்றே அக்கா ஒரு பழைய நோட்டை எடுத்து மாத்திரை பெயர், நேரம், பத்துக்கு எத்தனை வலி என்று எழுத ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் மூக்கடைப்பு. கையிலிருந்த ஜலதோஷ மாத்திரையைப் பிரிக்கப் போனேன். "இருடா, அட்டையைக் காட்டு" என்று வாங்கிப் பார்த்தாள். அதிலும் பாராசிட்டமால், 500. வலி தாங்காவிட்டால் மட்டும் போடச் சொல்லிக் கொடுத்திருந்த டிரமடால் என்ற கடுமையான வலி மாத்திரையைப் பார்த்தால் அதற்குள்ளும் பாராசிட்டமால் 325. நோட்டில் கூட்டிப் பார்த்தோம்: நாலு வேளை 650 என்றால் 2600, ராத்திரி போட்ட டிரமடால் இரண்டில் 650, ஜலதோஷத்துக்கு மூன்று வேளை போட்டால் இன்னும் 1500. மொத்தம் 4750. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4000-ஐத் தாண்டக் கூடாது, கல்லீரல் பலவீனமாக இருந்தாலோ உடல் எடை குறைவாக இருந்தாலோ அதைவிடக் குறைவுதான். இதில் மோசம் என்னவென்றால், அளவு மீறினாலும் முதல் நாள் உடம்பு ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். தூக்கம் வரவைக்கிற ஜலதோஷ மருந்தை டிரமடாலோடு சேர்த்தால் மயக்கம் கூடும், மூச்சும் மந்தமாகலாம் என்று டாக்டர் தனியாக எச்சரித்தார். மூக்குக்கு வெறும் ஆவிதான் பிடித்தேன்.

இபுபுரூஃபன் என்ற வேறொரு வலி மாத்திரையைக் கேட்டுப் பார்த்தேன், எனக்கு முன்பு வயிற்றுப்புண் இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அதைக் கேட்காமல் தொடவே கூடாதாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது தோள் வலி. வயிற்றில் ஆபரேஷன், வலது தோள்பட்டை ஏன் குடைகிறது? வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்துமாம், அந்த நரம்பு தோளில் வலிப்பதாகக் காட்டுமாம். மெதுவாக நடக்க நடக்க இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. (நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் அது வேறு கதை, உடனே ஓட வேண்டும்.) அதேபோல டிரமடால் போட்ட மறுநாளே மலச்சிக்கல். தையல் போட்ட வயிற்றை வைத்துக்கொண்டு முக்குவது என்ன என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். முதல் மாத்திரையோடு சேர்த்தே மலமிளக்கி கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

நோட்டில் ஏழு, ஐந்து, நாலு என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது. இறங்காமல் திடீரென்று ஏறினாலோ, காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்கால் வீக்கம் என்று ஏதாவது தெரிந்தாலோ மாத்திரையைக் கூட்டாமல் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படி வரவில்லை. ஐந்தாம் நாள் டிரமடாலை நிறுத்தினேன், பத்தாம் நாள் பாராசிட்டமாலையும்.

மிச்சமிருந்த ஆறு டிரமடாலை, முதுகு வலிக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றேன். இன்னும் கொஞ்சம் முறைப்பாகத்தான் இருக்கிறார்.