ஸ்டீயரிங் உதறினால் முதலில் டிராக் பாரைப் பார்

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்) போட்ட, முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறுகிறதா? பலர் உடனே ஸ்டீயரிங் டேம்பரை மாற்றுகிறார்கள். அது ஆட்டத்தை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான்.

நான் முதலில் பார்ப்பது டிராக் பாரை; அச்சை வண்டிச் சட்டத்தோடு இணைத்து, பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி அது. சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஆட்ட, நான் கீழே படுத்து போல்ட்டும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் விரலை வைப்பேன். மயிரிழை அசைந்தாலும் தெரிந்துவிடும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. அப்புறம் டை ராட் (சக்கரங்களைத் திருப்பும் கம்பி) முனைகள், பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப இடம் தரும் உருண்டை மூட்டு).

எல்லாம் இறுக்கமாக இருந்தும் நேர்ச்சாலையில் வண்டி அலைந்தால், காஸ்டர் கோணத்தை (பக்கத்திலிருந்து பார்த்தால், சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) அளந்து பாருங்கள். வண்டியை உயர்த்தும்போது அது குறைந்துவிடும். நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் கை) போட்டால் கோணத்தை மீட்கலாம்.