38 வெள்ளி

அக்டோபர் 5, ஞாயிறு

என் மாணவி ஒருத்தியின் கல்லூரி விண்ணப்பக் கட்டுரை, முதல் வரைவு வந்தது. 648 சொல். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப் 650ஐத் தாண்டினால் ஏற்காது, அந்தக் கணக்கில் குறையில்லை. ஆனால் குலுக்கலில் ஆள் எடுத்ததற்கு எடுத்துக்காட்டாக உத்திரமேரூருக்கு 210 சொல், ஏதென்ஸுக்கு 130, அயர்லாந்துக்கு 120. மிச்சம் முழுக்க "ஆகவே மாநகர் மன்ற உறுப்பினர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும்" என்கிற ஒரே வாதம். எழுதிய பிள்ளையை அதில் எங்கேயும் காணோம்.

தேர்தல் வேண்டாம், குலுக்கல் போதும் என்கிற கருத்தில் எனக்குத் தயக்கமில்லை. படிவத்தின் மூன்றாம் கேள்வியே ஒரு நம்பிக்கையைக் கேள்வி கேட்ட தருணத்தைப் பற்றித்தான். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கொள்கை அறிக்கை மாதிரி எழுதினால் படிக்கிறவர் கொள்கைக்குத்தான் மதிப்பெண் போடுவார், பிள்ளைக்கு அல்ல.

அக்டோபர் 6, திங்கள்

அவள் அப்பா கூப்பிட்டார். "டீச்சர், இதெல்லாம் எதுக்கு எழுதணும்? நல்லா படிக்கிற பிள்ள. டாக்டர் ஆகணும், சேவை செய்யணும்னு எழுதினா போதாதா?"

போதாது, ஐயா. அவள் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

அயர்லாந்துப் பத்தியை எடுக்கச் சொன்னேன். தகவல் சரிதான்: குலுக்கலில் எடுத்த 99 குடிமக்கள், ஒரு தலைவர், அவர்கள் பரிந்துரை, 2018 மே 25 பொதுவாக்கெடுப்பு, 66.4 விழுக்காடு ஆதரவு. ஆனால் அந்த வாக்கெடுப்பு கருக்கலைப்பு பற்றியது. அமெரிக்காவில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அந்தச் சொல் கண்ணில் பட்டதும் குலுக்கல் மறந்துபோகும். அவர் எந்தப் பக்கமாக இருந்தாலும் அடுத்த நான்கு வரியை அந்த நினைப்போடுதான் படிப்பார். நம் வாதத்துக்கு வேண்டாத சண்டையை நாமே வீட்டுக்குள் கூட்டி வரக்கூடாது.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. நம் மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தலே இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951இல் இதே பினாங்கு ஜார்ஜ் டவுனில் நடந்தது. 1965இல் நிறுத்தினார்கள், 1976 ஊராட்சி மன்றச் சட்டம் அதை முழுசாக எடுத்துவிட்டது. இப்போது எல்லாம் நியமனம். இது தெரியாதவர் படித்தால், இருக்கிற வாக்குரிமையைப் பறிக்கச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் கட்டுரை நிற்காது.

அக்டோபர் 9, வியாழன்

உத்திரமேரூரை விடமாட்டேன் என்கிறாள். நல்லது. ஆனால் கல்வெட்டில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். முதலாம் பராந்தகன் காலம், 921. ஊரில் 30 குடும்பு, அதாவது வட்டாரம். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6.

அவள் எழுதாமல் விட்டது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. எங்கள் பாட்டன் பூட்டன் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழனிடம் மக்களாட்சி இருந்தது" என்று எழுதினால், கல்வெட்டைப் படித்த ஒரே ஒரு பேராசிரியர் கையில் சிக்கினாலும் போச்சு. குடத்துக்குள் யார் பெயர் போகவில்லை என்று அவளே கேட்கட்டும். அப்போதுதான் அது அவளுடைய கட்டுரை.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். பள்ளியில் ஆறாம் படிவ வகுப்பில் இந்தியர் கலாச்சாரக் கழகம், 42 உறுப்பினர். போன வருஷம் செயற்குழுவுக்குத் தேர்தல் வைக்காமல் குலுக்கிப் பார்த்திருக்கிறார்கள். அவள் யோசனை. குடத்துக்குப் பதில் மைலோ டின். 7 பெயர் எடுத்தார்கள். இரண்டு பேர் மாட்டேன் என்று போய்விட்டார்கள், மாற்று ஆள் எடுத்து வைக்கவில்லை. பொருளாளராக வந்த பையனுக்குக் கணக்கு எழுதத் தெரியாது. பொங்கலுக்குக் கரும்பு வாங்கியதற்கு ரசீது இல்லை. 38 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தது.

இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அது தோத்துப்போன கதை டீச்சர். என் கருத்து தப்புன்னு ஆயிடும்."

அக்டோபர் 13, திங்கள்

38 வெள்ளிதான் கட்டுரை.

அக்டோபர் 16, வியாழன்

அதிகாலை 1:20. பிரிட்டன் பல்கலைக்கழக விண்ணப்பத் தளமான யூகாஸின் அக்டோபர் கெடு இங்கிலாந்து நேரம் 15ஆம் தேதி மாலை 6, நமக்கு 16ஆம் தேதி விடியற்காலை 1. என் இன்னொரு மாணவன், வரியே திருட்டு என்கிற தம்பி, 12:35க்கு அனுப்பினான். அவனுக்குச் சொன்னது வேறு. யூகாஸ் இப்போது மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து, மொத்தம் 4000. ஒரே அறிக்கைதான் ஐந்து தெரிவுகளுக்கும் போகும். அங்கே குணத்தைக் கேட்பதில்லை, பாடத்தைக் கேட்கிறார்கள். ஆகவே கருத்தாக எழுதாதே, நீ படித்த வாதமாக எழுது. எதிர்த்து எழுதியவர் ஒருவரையாவது படித்துவிட்டு, அவருக்கு எங்கே பதில் இல்லை, உனக்கு எங்கே பதில் இல்லை என்று சொல். எழுதிவிட்டான், நன்றாகவே.

மலேசிய அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையான யூபியூவில் இந்தப் பாடே இல்லை. 90 விழுக்காடு தேர்வு, 10 புறப்பாடம். கருத்து எழுத இடமே கிடையாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கட்டுரை எதையும் தொடவில்லை.

அக்டோபர் 22, புதன்

மூன்றாம் வரைவு. இரண்டாம் பத்தியில் திடீரென்று மலேசிய அரசமைப்பின் 153ஆம் விதி, மலாய்க்காரரின் சிறப்பு நிலை, பற்றி இரண்டு வரி. எடுக்கச் சொன்னேன், இதில் பேச்சே இல்லை. குடியுரிமைப் பகுதி, 152, 153, 181, ஆட்சியாளர்கள்: இவை 1948 தேச நிந்தனைச் சட்டத்தின் எல்லைக்குள் வருபவை. விண்ணப்பம் அமெரிக்காவுக்குப் போகிறது என்றாலும் வரைவு இங்கேதான் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் நாலு தோழிகளிடம் ஏற்கெனவே போயிருக்கிறது. கட்டுரைக்கு அந்த இரண்டு வரி எதையும் தரவில்லை. அவளுக்குக் கோபம். கோபம் நியாயம்தான்.

அக்டோபர் 25, சனி

அப்பா மறுபடி. இந்தத் தடவை வாதமே செய்தார். "குலுக்கல்ல வர்றவன் அடுத்த ஓட்டுக்குப் பயப்பட மாட்டான். பயம் இல்லாதவன் யாருக்குக் கணக்குக் காட்டுவான்?"

மிக நல்ல கேள்வி. அவளிடம் சொன்னேன்: ஹார்வர்ட் உட்படச் சில இடங்களில் துணைக் கேள்வியாகக் கருத்து வேறுபாட்டைக் கேட்கிறார்கள், 150 சொல். அப்பாவை எழுது. அவர் சொன்னதை அவர் சொன்ன வேகத்திலேயே எழுது, பலவீனமாக்காதே. 60 சொல் அவருக்கு. "என் அப்பா பழைய காலத்து மனிதர்" என்று ஆரம்பித்தால் அங்கேயே அவள் தோற்றாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

தூக்கத்தில் வந்தது. கல்வெட்டிலேயே இருக்கிறதே! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் ஓலையில் எழுதக்கூடாது என்று. அப்பா கேட்ட அதே கேள்வி 921இலேயே கேட்கப்பட்டிருக்கிறது. கரும்புக்கு ரசீது இல்லாத 38 வெள்ளி அங்கே போய்ச் சேருகிறது. காலை 7 மணிக்குக் கூப்பிட்டேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ தோல்விய எடுக்க வேணாம், டீச்சர்."

அக்டோபர் 29, புதன்

நான்காம் வரைவு. மைலோ டின்னில் தொடங்குகிறது. 42 துண்டுச் சீட்டு, ஒரே அளவில் வெட்டி, நான்காக மடித்து. முதல் வருஷம் தவறியது எப்படி, இரண்டாம் வருஷம் மாற்றியது என்ன: 7 பேரோடு 3 மாற்று ஆள் சேர்த்து எடுப்பது, பழைய பொருளாளர் இரண்டு வாரம் கூட இருந்து சொல்லித் தருவது, திங்கட்கிழமைதோறும் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. உத்திரமேரூர் 90 சொல்லில் அடங்கிவிட்டது. ஏதென்ஸ் இல்லை. மாநகர் மன்றம் கடைசிக்கு முந்தைய பத்தியில், மூன்றே வாக்கியம்.

முன்பு இருந்த வரி: "அரசியல்வாதிகள் எல்லாரும் பதவிக்காகவே வருகிறார்கள்." இப்போது: "பதவி கேட்காத ஒருவனிடம் பணப்பெட்டியைக் கொடுத்தோம், அவனுக்கு ஐந்தொகை என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவில்லை."

கடைசிப் பத்தி மட்டும் இன்னும் பிரசங்கம்.

அக்டோபர் 30, வியாழன்

நடவடிக்கைப் பட்டியல். விளக்கத்துக்கு 150 எழுத்துதான். "சீர்திருத்தம்", "புரட்சி" இரண்டையும் வெட்டினோம். எண்ணும் வினைச்சொல்லும் மட்டும்.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியரிடம் அவள் கருத்தைப் பற்றி எழுத வேண்டாம், கூட்டத்தில் மாற்றுக் கருத்தை எப்படிக் கேட்டாள் என்று எழுதச் சொல்லுங்கள் என்றேன். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள். அதுதான் சரி.

அக்டோபர் 31, வெள்ளி

கடைசிப் பத்தியை முழுசாக எடுத்துவிட்டோம். 571 சொல். இடம் மீதி இருக்கிறதே என்று அவளுக்குப் பதற்றம். மீதி இருக்கட்டும்.

நவம்பர் 1, சனி

இரவு 9:40க்கு அனுப்பியாயிற்று. காமன் ஆப்பில் கெடு நம் உள்ளூர் நேரம், 11:59. அனுப்புமுன் பிடிஎஃப் முன்னோட்டத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். சாய்வெழுத்து ஒரு இடத்தில் போயிருந்தது, பாதகமில்லை.

நவம்பர் 15, சனி

"டீச்சர், விசா குடுப்பாங்களா?" அப்பா, தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு.

கட்டுரையைப் படிப்பவர் வேறு, விசா அதிகாரி வேறு என்று சொன்னேன். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் ஐந்து வருஷத்துச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கும். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்குக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றை மறைத்தால் அந்தப் பொய்யே விசாவுக்கு உலை. அவள் கணக்கில் இருப்பது கரும்பும் கோலமும்தான். ஆனாலும் அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் பயத்தை நான் சின்னதாக்கப் போவதில்லை.

நவம்பர் 27, வியாழன்

ஒன்றும் இல்லை.

டிசம்பர் 6, சனி

ஜனவரிக் கெடுவுக்கு இரண்டு பேர். ஒரு பையன் மரண தண்டனை பற்றி எழுதியிருக்கிறான், 640 சொல்லில் "நான்" ஒரு தடவைகூட இல்லை. அடுத்தவன் கேட்கிறான், கருத்தே இல்லாதவன் என்ன எழுதுவது.

டிசம்பர் 12, வெள்ளி

முடிவு வருவது அங்கே இன்றைக்கு மாலை 7. நமக்கு நாளைக் காலை 8. அவள் கேட்டது முடிவைப் பற்றி இல்லை: அந்தப் பொருளாளர் பையன் பெயர் கட்டுரையில் இல்லைதானே, சரியாகப் பார்த்தீர்களா என்று. பார்த்தேன். இல்லை.